சில்லறையாக வாங்கினால் கார்டுக்குக் கூலியா?

கடைக்குப் போனால் சாமானைப் பார்ப்பதற்கு முன்னால் கல்லாவைச் சுற்றி மாட்டியிருக்கும் அட்டைகளைப் படிக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. 'கடன் அன்பை முறிக்கும்', 'இன்று ரொக்கம், நாளை கடன்', 'சரியான சில்லறை தந்து உதவவும்', 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது'. ஒவ்வோர் அட்டைக்குப் பின்னாலும் அந்தக் கடைக்காரர் யாரிடமோ பட்ட பாடு ஒன்று இருக்கும். இப்போது சில வருடங்களாக அந்த வரிசையில் புதிதாக ஒரு அட்டை சேர்ந்திருக்கிறது. 'கார்டு 200 ரூபாய்க்கு மேல் மட்டும்.' இன்னொரு கடையில் 'கார்டு என்றால் 2 சதவிகிதம் கூடுதல்.' எங்கள் தெருமுனை மளிகையில் எழுதிக்கூடப் போடவில்லை. கார்டை நீட்டினால், "அக்கா, அஞ்சு ரூபா சேத்துப் போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மிஷினைத் தட்டுகிறார் அண்ணாச்சி.

"இந்தக் காலத்தில் யார் கார்டைத் தேய்க்கிறார்கள்? பூக்காரம்மாகூட க்யூஆர் அட்டை வைத்திருக்கிறாளே!" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. வாஸ்தவம்தான். 2016-ல் யுபிஐ வந்தபிறகு பாதிப் பேர் போனைக் காட்டித்தான் காசு கொடுக்கிறார்கள். ஆனால் எல்லார் வீட்டிலும் அந்த வசதி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறதா? எங்கள் வீட்டில் பணம் அனுப்புகிற போன் என் கணவருடையது. அது காலை எட்டரைக்கு அவரோடு வேலைக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வீடு திரும்பும். வீட்டுச் செலவுக்கென்று தனிக் கணக்கில் அவர் போடும் பணத்துக்கு என்னிடம் இருப்பது ஒரு கார்டு. என்னைப் போல எத்தனை பேர்! போன் எழுத்து கண்ணுக்குத் தெரியாத வயதானவர்கள், பட்டன் போனே போதும் என்று இருப்பவர்கள், ஏதோ ஒரு மோசடிச் செய்தியைக் கேட்டுப் பயந்துபோய் 'எனக்கு இதெல்லாம் வேண்டாம்' என்று ஒதுங்கியவர்கள். இவர்களுக்கெல்லாம் வங்கியில் இருக்கும் பணத்துக்குச் சாவி அந்தக் கார்டுதான்.

எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னால் விஷயம் உங்களுக்கு நன்றாகப் புரியும். அவருக்கு வயது எழுபத்திரண்டு. கணவர் காலமானபின் குடும்ப ஓய்வூதியம் மாதாமாதம் வங்கியில் விழுகிறது. கூட இருக்கும் மகனுக்குக் குடிப்பழக்கம். பெரியம்மா மாசம் பிறந்ததும் பணத்தை மொத்தமாக எடுத்து அரிசிப் பானையில் வைத்திருந்த காலத்தில், பத்தாம் தேதிக்குள் பானையில் அரிசி மட்டும்தான் இருக்கும். "பணமா வீட்டுல இருந்தா அது அவனுக்கு. கார்டுல இருந்தா அது எனக்கு, தாயி" என்பார். ரகசிய எண்ணைத் தன் மனதைத் தவிர வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை. கார்டு எப்போதும் இடுப்புச் சுருக்குப் பையில். கடவுள் புண்ணியத்தில் இன்றுவரை ஞாபகசக்திக்குக் குறைவில்லை.

அவருக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. மாத்திரையைப் பத்துப் பத்து நாளைக்காகத்தான் வாங்குவார். ஒரு தடவைக்கு 140 ரூபாய். "மொத்தமா ஒரு மாசத்துக்கு வாங்கினா 420 ரூபா. வாடகை, கரண்டு போக அந்த வாரம் எதைத் தின்கிறது?" என்று கேட்பார். எங்கள் பேட்டையில் உள்ள மருந்துக் கடையின் சட்டம் என்னவென்றால், 200 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கார்டுக்குத் தனியாக எதுவும் கிடையாது. அதற்குக் கீழே என்றால் 10 ரூபாய் கூடுதல். ஆக, மாதம் முழுவதற்கும் ஒரே தடவையில் வாங்கும் வசதி உள்ளவருக்கு மாத்திரை 420 ரூபாய். வசதியில்லாமல் மூன்று தடவையாக வாங்கும் பெரியம்மாவுக்கு அதே மாத்திரை 450 ரூபாய்! 140-க்கு 10 என்றால் நூற்றுக்கு ஏழு ரூபாய்க்கும் மேலே. நம் ஊர்க் கணக்கில் ஏழு வட்டி. வட்டிக்கு விடுகிறவர் ஏழு வட்டி கேட்டால் தெருவே கூடி வாயில் போடும். மருந்துக் கடையில் கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு வருகிறோம்.

"ஏடிஎம்மில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாமே?" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு முழங்கால் வலி. பக்கத்து ஏடிஎம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோவுக்குக் கொடுப்பதை என்ன கணக்கில் சேர்ப்பது? தவிர, சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதத்துக்கு ஐந்து முறைதான் இலவசம். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம் என்று 2025 மே 1 முதல் நடைமுறை. வரி வேறு. பணம் வெளியே எடுத்தால் அங்கே கூலி, எடுக்காமல் கார்டாகவே கொடுத்தால் இங்கே கூலி. நம் பணம் நம் கைக்கு வருவதற்கு வழியெல்லாம் சுங்கச்சாவடி!

நான் படித்தது பத்தாவது வரைதான். ஆனால் கணக்கு நோட்டு எழுதுவதில் எந்த ஆடிட்டருக்கும் சளைத்தவளில்லை. கல்யாணமாகி வந்த மறுமாதம் ஆரம்பித்தது, இன்றுவரை ஒருநாள் விட்டதில்லை. அந்த நோட்டில் பால், காய்கறி, மளிகை, பூ, பள்ளிக்கூடம் என்று கட்டம் போட்டிருப்பேன். மூன்று மாதத்துக்கு முன்னால் புதிதாக ஒரு கட்டம் சேர்த்து 'கார்டுக் கூலி' என்று தலைப்பு எழுதினேன். பெரியம்மாவுடையதையும் அதிலேயே குறித்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் அவர் மருந்துக்கு ஒன்பது முறை, தலா 10, ஆக 90 ரூபாய். எங்கள் மளிகை பதினான்கு முறை, தலா 5, ஆக 70 ரூபாய். பெரிய மகளுக்குத் துணிமணி எடுத்த ஜவுளிக் கடையில் 4,600 ரூபாய்க்கு 2 சதவிகிதம், 92 ரூபாய். கூட்டினால் 252. "இதைப் போயா பெரிசு பண்றே?" என்றார் என் கணவர். கொத்தமல்லிக் கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால்மணி நேரம் மல்லுக்கு நிற்கிற நாம், எதற்கென்றே தெரியாமல் 252 ரூபாய் கொடுக்கலாமா? எதற்கு என்று தெரிந்துகொண்டாவது கொடுப்போமே என்று என் அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். அவன் வங்கியில் வேலை பார்க்கிறான்.

அவன் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதத்திலேயே சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி இருக்கிறது. விவசாயி கொண்டுவரும் தக்காளியை மண்டிக்காரர் விற்றுக் கொடுத்து, அதில் கமிஷன் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். கார்டும் அப்படித்தானாம். நாம் 100 ரூபாய்க்குக் கார்டு தேய்த்தால் கடைக்காரர் கணக்குக்கு 100 முழுசாகப் போவதில்லை. நமக்குக் கார்டு கொடுத்த வங்கி ஒரு பங்கு, கடைக்கு மிஷின் கொடுத்த வங்கி ஒரு பங்கு, இரண்டுக்கும் நடுவில் பாலம் போட்ட கார்டு கம்பெனி ஒரு பங்கு. இந்தத் தரகுக்கு எம்.டி.ஆர். என்று பெயர். இது கடைக்காரர் வங்கிக்குக் கொடுக்க வேண்டியது. இதைத்தான் நம் தலையில் இறக்கி வைக்கிறார்கள்.

சரி, அந்தத் தரகு எவ்வளவு? இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டெபிட் கார்டுக்கு இதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2018 ஜனவரி 1 முதல் அமலான கணக்குப்படி, வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை வியாபாரம் உள்ள சிறு கடை என்றால் நூற்றுக்கு 40 காசுக்கு மேல் பிடிக்கக் கூடாது. அதைவிடப் பெரிய கடை என்றால் 90 காசு. ரூபாய் இல்லை, காசு! அண்ணாச்சி கடையில் நான் வாங்கிய 100 ரூபாய் சாமானுக்கு வங்கி அவரிடம் அதிகபட்சம் பிடிப்பது 40 காசோ 90 காசோ. அவர் என்னிடம் வாங்கியது 5 ரூபாய். பெரியம்மாவின் 140 ரூபாய்க்குப் பெரிய கடைக் கணக்கே போட்டாலும் 1 ரூபாய் 26 காசு. வாங்கியது 10 ரூபாய். ஜவுளிக் கடைக்காரர் 4,600-க்கு வங்கிக்குக் கொடுக்க வேண்டியது 41 ரூபாய் 40 காசுக்குள். என்னிடம் 92. தரகு கொடுத்த பிறகும் பாதிக்கு மேல் மிச்சம்! வங்கி பிடிக்கிறது என்று வங்கியின் பெயரைச் சொல்லிக்கொண்டு நடக்கும் தனி வியாபாரம் இது.

இதற்கு மேலும் ஒன்று சொன்னான். "அத்தை, எதிர்வீட்டுப் பாட்டி கார்டைத் திருப்பிப் பாத்தீங்களா? அதுல என்ன பேர் போட்டிருக்கு?" என்றான். பெரியம்மாவின் சுருக்குப் பையைத் திறந்து பார்த்தோம். 'ரூபே' என்று இருந்தது. ரூபே என்பது நம் நாட்டிலேயே 2012-ல் தொடங்கிய கார்டு அமைப்பு. ஜன்தன் கணக்குக்காரர்களுக்குக் கொடுத்ததும் இதுவே. அந்த ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரி 1 முதல் இந்தத் தரகே கிடையாது. பூஜ்யம்! கடைக்காரர் கையிலிருந்து தரகாக ஒரு காசு போகாத கார்டுக்கு, மாதம் 30 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தார் பெரியம்மா.

சகோதரிகளே, இதைப் படித்து முடித்ததும் முதல் காரியமாக உங்கள் டெபிட் கார்டை எடுத்து அதில் அச்சடித்திருக்கும் கம்பெனி பெயரைப் பாருங்கள். ரூபே என்றால் "இதுக்குத் தரகே இல்லையே, எதுக்குக் கூடுதல்?" என்று தைரியமாகக் கேட்கலாம். வேறு பெயராக இருந்தாலும் டெபிட் கார்டு என்றால் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. டெபிட் கார்டில் பணம் கட்டுகிறவரிடம் கடைக்காரர் தனிக் கட்டணம் வாங்குவது நியாயமும் இல்லை, வங்கியோடு அவர் போட்ட ஒப்பந்தப்படி அனுமதியும் இல்லை, அப்படிப்பட்ட கடையின் தொடர்பையே வங்கி துண்டிக்க வேண்டும் என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி எழுதிவிட்டது. 2017 டிசம்பரில் மறுபடியும், கடைக்காரர்கள் இந்தத் தரகை வாடிக்கையாளர் மேல் ஏற்றாமல் பார்த்துக்கொள்வது வங்கிகளின் பொறுப்பு என்று சொன்னது. சொன்னது கடைத்தெரு வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

கிரெடிட் கார்டு கதை வேறு. அதற்கு உச்சவரம்பு இல்லை. நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு, அதற்கு மேலும்கூடப் போகிறது. கடைக்காரர் முணுமுணுப்பதில் அங்கே கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல கடைகளில் இரண்டுக்கும் வித்தியாசமே பார்ப்பதில்லை. கார்டு என்றால் கார்டு, எடு இரண்டு சதவிகிதம். கடன் வாங்கிச் செலவு செய்கிறவருக்கும், தன் கணக்கில் உள்ள சொந்தப் பணத்தைக் கொடுக்கிறவருக்கும் ஒரே தண்டனை!

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். சோப்பு, பிஸ்கட், மாத்திரை அட்டை எல்லாவற்றிலும் அதிகபட்ச சில்லறை விலை என்று அச்சடித்திருக்கிறது. வரி எல்லாம் சேர்ந்த விலை அது. அதற்கு மேலே ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டப்படி குற்றம். பால் பாக்கெட்டுக்கும் குளிர்பானத்துக்கும் 'கூலிங் சார்ஜ்' என்று ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஏற்றுகிறார்களே, அதற்கும் இதே சட்டம்தான். (மீதிச் சில்லறைக்குப் பதிலாகச் சாக்லேட்டைக் கையில் திணிக்கிறார்களே, அதையும் ஒருநாள் எழுத வேண்டும். எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகைவிட அந்தச் சாக்லேட்தான் அதிகம்.)

இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது என்று யோசித்தால், 2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரிதான் நினைவுக்கு வருகிறது. ஐந்நூறு, ஆயிரம் நோட்டு செல்லாது என்று அறிவித்த ராத்திரி. அதற்கு முன் ஜவுளிக் கடை, நகைக் கடையில் மட்டும் பார்த்த மிஷின் அதற்குப் பிறகு மளிகைக் கடை, மருந்துக் கடை என்று எல்லா இடத்துக்கும் வந்தது. பல கடைக்காரர்கள் விரும்பி வாங்கவில்லை, வேறு வழியில்லாமல் வாங்கினார்கள். அந்த அவசர காலத்துக்கு மட்டும் தரகைத் தள்ளி வைத்திருந்தார்கள். புது வருடம் பிறந்ததும் மறுபடி கணக்கு ஆரம்பித்தது. 2017 ஜனவரியில் பெட்ரோல் பங்க்காரர்கள் 'ஒரு சதவிகிதம் எங்களிடம் பிடிப்பதாக இருந்தால் 9-ம் தேதி முதல் கார்டே வாங்க மாட்டோம்' என்று கொடி பிடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உடனே அது தள்ளி வைக்கப்பட்டது. அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, குரல் கொடுத்தார்கள். தெருமுனைக் கடைக்காரருக்கு அவ்வளவு பெரிய குரல் இல்லை. அவர் அட்டை எழுதி மாட்டிவிட்டார்.

அண்ணாச்சி பக்கமும் நியாயம் இருக்கிறது. அவரிடம் உட்கார்ந்து பேசினேன். "அக்கா, தரகு காசுக் கணக்கு, நான் ஒத்துக்கிடுதேன். மிஷினுக்கு மாச வாடகை யார் குடுப்பா? கார்டு தேய்க்கிறது உங்களை மாதிரி நாலு பேரு. தேய்ச்சாலும் தேய்க்காட்டியும் வாடகை போயிருது" என்றார். உண்மைதான். சர்க்கரை, எண்ணெய், பால் பாக்கெட் போன்றவற்றில் அவருக்கு நிற்பதே சொற்பம். சரக்குப் போடுகிற வேன்காரர் ரொக்கமாகக் கேட்கிறார். கார்டில் வந்த பணம் அவர் கணக்குக்கு வருவதற்கு மறுநாளாகிறது, நடுவில் விடுமுறை வந்தால் இன்னும் தள்ளிப்போகிறது. "அதுவரைக்கும் கல்லா காலியா இருந்தா வேன்காரனுக்கு நான் என்னத்தத் தேய்ச்சுக் காட்டுவேன்?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஆனால் ரொக்கத்துக்கும் செலவு உண்டல்லவா? சில்லறை தேடி அலைவது, கிழிந்த நோட்டு, கள்ள நோட்டு, கல்லாவில் கையாடல், வங்கியில் கட்டப் போய் அரைநாள் வரிசை. அதற்கெல்லாம் யாரும் ரொக்கம் கொடுப்பவரிடம் 'எண்ணும் கூலி' என்று வாங்குவதில்லை. கரண்டு பில்லையும் பையனின் சம்பளத்தையும் போல இதுவும் கடை நடத்துகிற செலவில் ஒன்று. வாடகை தாங்கவில்லை என்றால் மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 'கார்டு இல்லை' என்று சொல்லிவிடலாம், அது நேர்மை. மிஷினையும் வைத்துக்கொண்டு, குறைவாக வாங்குகிறவர்களிடம் மட்டும் கூலி கேட்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மருந்துக் கடைக்காரருக்கு விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளிலேயே 16 சதவிகிதம் சில்லறை லாபம் வைத்துத்தான் அரசு விலை கணக்கிடுகிறது. அவர் அண்ணாச்சி அளவுக்கு அழ வேண்டியதில்லை.

லண்டனில் இருக்கும் என் நாத்தனாரிடம் போனில் இதைச் சொன்னபோது, "அண்ணி, இங்கேயும் இதே கூத்துதான் நடந்துச்சு" என்றாள். தெருமுனைக் கடையில் ஐந்து பவுண்டுக்குக் குறைவாக வாங்கிவிட்டுக் கார்டு கொடுத்தால் 50 பென்ஸ் தனியாக வாங்குவார்களாம். 2018 ஜனவரி 13 முதல் அங்கே அதைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். டெபிட், கிரெடிட் இரண்டுக்குமே கூடாது. ஆனால் 'இத்தனை பவுண்டுக்குக் கீழே கார்டு வாங்க மாட்டோம்' என்று சொல்லும் உரிமை கடைக்காரருக்கு இன்னும் இருக்கிறதாம். அமெரிக்காவில் 2010-ம் வருடச் சட்டப்படி கிரெடிட் கார்டுக்கு 10 டாலர் வரை குறைந்தபட்சத் தொகை வைத்துக்கொள்ளலாம். எந்த ஊரானாலும் சில்லறையாக வாங்குகிறவர் பாடு ஒன்றுதான் போலிருக்கிறது.

சரி, மருந்துக் கடைக்கு வருவோம். அடுத்த தடவை பெரியம்மாவோடு நானும் போனேன். மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பையன் வழக்கம்போல 150 என்று மிஷினில் அழுத்தினான். "தம்பி, பில்லு 140 தானே? இந்தப் பத்து எதுக்கு?" என்று கேட்டேன். "கார்டுக்குக்கா. ஓனர் சொன்னது." ஓனர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். ரூபே கார்டுக்குத் தரகு கிடையாது என்று நான் சொன்னதும் ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பரவாயில்லைம்மா, ஆத்தாவுக்கு மட்டும் வேண்டாம், விட்டுருவோம்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டார். "எனக்கு மட்டும் சலுகையெல்லாம் வேண்டாம், ராசா. வாங்கவேண்டிய காசுன்னா வாங்கிக்க. அந்தப் பத்து ரூபாயையும் பில்லுல எழுதிக் குடு, நான் வச்சுக்கிறேன்."

அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. பில்லில் எழுத முடியாத காசு அது! எழுதினால் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கியதற்கு அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. பையனைக் கூப்பிட்டு 150-ஐ அழித்து 140 போடச் சொன்னார். எம்.டி.ஆர்., உச்சவரம்பு என்று நான் மனப்பாடம் செய்துகொண்டு போனதெல்லாம் வீண். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெரியம்மா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு முறை போய்விட்டார். இரண்டு முறையும் 140 தான். கூட வரிசையில் நிற்கிறவர்களிடமும், "பில்லுல எழுதச் சொல்லு, தாயி" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறாராம். கடைக்காரருக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் கிலிதான்.

அதனால் நீங்களும் கார்டை நீட்டுமுன் மிஷினில் தெரியும் தொகையைப் படித்துப் பாருங்கள். பில்லும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இப்போது வரும் கார்டுகளை மிஷின் பக்கத்தில் காட்டினாலே போதும், 5,000 ரூபாய் வரைக்கும் ரகசிய எண்ணே கேட்காமல் பணம் போய்விடுகிறது. அதனால் நாம் பார்ப்பதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. வித்தியாசம் இருந்தால் சண்டை வேண்டாம், சிரித்துக்கொண்டே 'பில்லில் எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். அதற்கும் மசியாதவர் என்றால் மிஷினிலிருந்து வரும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மிஷின் எந்த வங்கியுடையது என்று பெரும்பாலும் அதன் தலைப்பில் இருக்கும். புகார் போக வேண்டியது அந்த வங்கிக்கு, நமக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு அல்ல. விலைக்கு மேல் வாங்கினார்கள் என்பதற்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. பேசுவதற்குப் பணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அண்ணாச்சி விஷயத்தில் நான் புகார் எதுவும் செய்யவில்லை. மாதம் முழுவதற்குமான மளிகையை நோட்டில் எழுதிக்கொண்டு, ஒன்றாம் தேதி ஒரே தடவையாகக் கார்டில் கட்டிவிடுகிறேன் என்றேன். "அப்ப அஞ்சு ரூபா வேணாம்க்கா" என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். தலைக்கு மேலே 'கடன் அன்பை முறிக்கும்' அட்டை ஆடிக்கொண்டுதான் இருந்தது, இருவரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம். எனக்கு அது சரிப்படும், மாதச் சம்பளக் குடும்பம். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்குகிறவளுக்கு இந்த வழி உதவாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஜவுளிக் கடையை மட்டும் விடவில்லை. 4,600 ரூபாய் பில், 4,692 ரூபாய் என்று அடித்த மிஷின் சீட்டு, இரண்டையும் நகலெடுத்து, ரிசர்வ் வங்கி 2013-லும் 2017-லும் சொன்னதையும் என் கையெழுத்தில் எழுதி, மிஷின் கொடுத்த வங்கியின் கிளைக்கு நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலாளர் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, "இப்படி யாரும் எழுதிக் கொடுத்ததில்லைம்மா" என்றார். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திக் கொடுத்தார். முப்பது நாளைக்குள் பதில் வராவிட்டால், அல்லது வரும் பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம் என்று என் அண்ணன் மகன் சொல்லியிருக்கிறான். இன்றோடு பத்தொன்பது நாளாகிறது. நோட்டில் 'வரவேண்டியது' பக்கத்தில் 92 ரூபாய் என்று எழுதி வைத்திருக்கிறேன்.